அங்குல ஆலன் கீ வீண் போகவில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி, சின்னக்கா வீட்டார் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் எப்போதோ வந்துவிட்டது. பதில் போடத்தான் கை வரவில்லை. போனில் உங்களோடு நாலு வார்த்தை பேசுவதற்குள் தம்பி பிடுங்கிக்கொள்கிறான், அதனால் இது உங்களுக்கு மட்டும். அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் துப்பாக்கி வருகிற இடங்களைத் தாண்டிவிடுங்கள்.

பதறாதீர்கள், நிஜத் துப்பாக்கி இல்லை. கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, பனி கொட்டும்போதும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ரேடியோ கேட்பவர், அவருடைய விளையாட்டுச் சாமான். பேரன் வயதுப் பையன்களோடு காட்டுக்குள் போய், மரத்துக்கு மரம் ஒளிந்து, ஒருவரை ஒருவர் சாய உருண்டையால் அடித்துக்கொள்கிறார்கள். பெயிண்ட்பால் என்று பெயர். சாயத்தைச் சுற்றி ஜெலட்டின் தோல், நாம் விழுங்கும் மீன் எண்ணெய் மாத்திரையின் தோலேதான். பட்டதும் உடையும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். வெட்ட வேண்டிய மரத்துக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் போடத்தான் முதலில் இந்தக் கருவியைச் செய்தார்களாம். 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டில் ஆடியதில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. அன்றைக்கு ஜெயித்தவர் யாரையும் சுடாமலே ஜெயித்தாராம். கிழவர் இதை என்னிடம் எத்தனை முறை சொன்னார் என்று கேட்காதீர்கள்.

அவருடைய மார்க்கர், அதாவது அந்தச் சாயத் துப்பாக்கி, பழசு. விரல் மூட்டு வலியால் டிரிகரை இழுக்க முடியவில்லை, உருண்டையைத் தள்ளும் கேஸும் கசிகிறது, புதிதாக வாங்கவும் மனசில்லை. நான் மெக்கானிக் மகன் என்று எந்த வேளையில் வாய்விட்டேனோ, மறுநாளே துணியில் சுற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

முதல் விஷயம் கேட்டால் சிரிப்பீர்கள். அதில் இருப்பதெல்லாம் அங்குலத் திருகு. என்னிடம் இருந்த 3 மி.மீ. ஆலன் கீ, அந்த ஆறுமுகக் கம்பி, 1/8 அங்குலத் தலைக்குள் நுழைகிறது, ஆனால் ஆடுகிறது. அதோடு பலம் கொடுத்தால் தலை உருண்டுபோய் பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய என்ஜின்களுக்கு வைத்திருந்த அங்குல செட்டைப் பெட்டியில் நீங்கள் திணித்தபோது, எடை கூடுகிறதே என்று நான் சண்டை போட்டேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது.

கண்ணாடி போட்டுக்கொண்டு, உருண்டைத் தொட்டியைக் கழற்றி, கேஸ் சிலிண்டரைத் திருகி எடுத்துவிட்டு, ஆளில்லாத பக்கம் திருப்பிச் சில தடவை டிரிகரை இழுக்க வேண்டும். உள்ளே தேங்கிய கேஸ் அப்போதுதான் போகும். அதற்குப் பிறகுதான் திருகில் கை வைக்கலாம். உடல் இரண்டு பாதியாகப் பிரிகிற வகை. உள்ளே சுத்தியல், ஸ்ப்ரிங், வால்வு, டிரிகரோடு சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் ஒரு கொக்கி, அவ்வளவே. கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கினேன், உங்கள் சட்டப்படி.

கசிவு சிலிண்டர் வாயில் இருக்கிற ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில். சோப்புத் தண்ணீர் தடவியதுமே குமிழ் விட்டது. சிலிண்டரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு, அது சாதா ரப்பருக்குள் ஊறிவிடுகிறது. அழுத்தம் திடீரென்று இறங்கும்போது ரப்பர் உப்பிக் கொப்புளம் கட்டுகிறது. அந்த இடத்துக்கு பாலியூரித்தேன் வளையம், 015 அளவு போட்டேன், நின்றது. மெஷின் ஆயில் விடலாமா என்று கேட்டதற்குக் கிழவர் கத்தியே விட்டார். மார்க்கருக்கென்று விற்கிற எண்ணெய் தவிர வேறெதுவும் கூடாதாம்.

டிரிகர்தான் ருசியான வேலை. கொக்கியும் டிரிகரும் உரசும் முகத்தை லென்ஸில் பார்த்தால் வார்ப்புத் தடம் அப்படியே இருக்கிறது. 600 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சின்ன இரும்புப் பட்டையில் சுற்றித் தேய்த்தேன். பிறகு 1000, பிறகு மெட்டல் பாலிஷ். சொரசொரப்பை மட்டும் எடுக்க வேண்டும், சரிவை மாற்றக் கூடாது. அரம் போட்டு ஓரத்தைத் தின்றுவிட்டால் கொக்கி பிடிக்காது, தொடாமலே சுடும். விளையாட்டுச் சாமானானாலும் ஒரு கண் போய்விடும். டிரிகரில் விரல் படும் இடத்தின்மேல் சூட்டில் சுருங்கும் டியூப்பை இரண்டு சுற்று ஏற்றினேன். கையுறை போட்ட விரலுக்கு இப்போது பிடிப்பு கிடைக்கிறது.

பேரலை, உருண்டை போகிற குழலை, உள்ளே பாலிஷ் போட்டால் குறி தப்பாது என்று பையன்கள் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. மரக் குச்சியின் நுனியைக் கீறித் துணி செருகிப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன், சுத்தம் செய்ய எளிது, அவ்வளவுதான். உருண்டையும் துளையும் பொருந்துவதே முக்கியம். பேருக்கு 0.68 அங்குலம், ஏறக்குறைய 17.3 மி.மீ.; ஆனால் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. பேரலில் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். தானாக உருண்டு விழுந்தால் துளை பெரிது. தங்கி நின்று, வாயால் ஊதினால் வெளியே வந்தால் சரி.

வர்ணம் கறுப்பு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தூரத்திலிருந்து பார்க்கிற போலீஸ்காரனுக்கு நிஜமா பொம்மையா என்று எப்படித் தெரியும்? மரையையும் உள்துளைகளையும் டேப் ஒட்டி மறைத்து, பிரைமர் அடித்து, மஞ்சளை மெல்லிய பூச்சாக அடுக்கினேன். கிழவர் வீட்டிலேயே வைத்துச் செய்தேன். அங்கே ஹீட்டர் நன்றாக எரிகிறது, குளிரில் பெயிண்ட் காயாது பாருங்கள்.

இங்கே குளிர் இந்தக் கருவியையும் விடவில்லை. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் 57 பார் அழுத்தம் என்றால், பூஜ்யத்தில் 35தான். காலையில் உருண்டை தொப்பென்று முன்னாலேயே விழுகிறது. வேகத் திருகைத் திருப்பிச் சரிக்கட்டினால், மதியம் வெயில் வந்ததும் எல்லை தாண்டி அடிக்கும். நொடிக்கு 300 அடிக்கு மேல் கூடாது என்பது விதி, பல மைதானங்களில் 280தான். அதனால் வெளியில், ஆடுகிற இடத்திலேயே வேகமானியில் சுட்டுப் பார்த்துத் திருகச் சொன்னேன், வெயில் ஏறினால் மறுபடியும்.

கிழவருக்குப் பரம சந்தோஷம். இப்போது அவருடைய கூட்டாளிகளும் கொண்டுவருகிறார்கள். ஷிப்டைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், அதனால் பகலில் நேரம் கிடைக்கிறது. சும்மா பொழுதுபோக்குத்தான். வேண்டாம் என்றாலும் கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மெட்டல் பாலிஷ் டப்பாவைத் திறந்தபோது நம் பட்டறை வாசனை. சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது அப்பா. சின்ன ஸ்ப்ரிங் ஒன்று மேஜைக்கு அடியில் ஓடிவிட்டது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் மூக்கு பிளையர் வைத்துக்கொண்டு குனிந்து தேடினேன். டார்ச்சை ஆட்டாமப் பிடிடா கழுதை என்று திட்ட ஒரு ஆள் இல்லையே என்றிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேனோ.

சரி, அது போகட்டும். நீங்கள் எழுதிய விஷயங்களுக்கு வருகிறேன். மேஜை டிரில்லை விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். கூரை ஒழுகினால் இந்த வருஷம் தார்பாய் போட்டு ஒப்பேற்றலாம், அந்த மெஷினை இந்தக் காலத்தில் திரும்ப வாங்க முடியாது. தம்பியின் பரீட்சைக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பான், நீங்களும் கூடப் போங்கள். பெரியப்பா கொண்டுவந்த பத்திரத்தில், மச்சான் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். நடைபாதை யார் பங்கில் வருகிறது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். அம்மா முழங்கால் மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று சின்னக்கா சொன்னாள். நிறுத்தக் கூடாது, செலவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: இந்த மாதப் பணம் 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும். பேங்கில் ஏதோ தாமதமாம். மளிகைக் கடையில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.