கோடியக்கரைச் சாலையில் சைக்கிளுக்கு ஓர் ஓரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்குச் செல்லும் சாலையில் விடுமுறை நாள்களில் சைக்கிளில் வருவோர் தொகை பெருகியிருக்கிறது. அவர்களில் சிலர், சதுப்பு நிலத்தை ஒட்டித் தனியாக ஒரு சைக்கிள் பாதை போட வேண்டும் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 15 ஆண்டுகளாக மாதம் ஒரு முறையேனும் அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்து வருபவன் நான். தனிப் பாதை வேண்டாம், இருக்கிற சாலையிலேயே சைக்கிளுக்கு இடம் தந்தால் போதும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பகுதியில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. கோடியக்கரைக் காட்டின் மிக உயரமான இடம் என்று சொல்லப்படும் இராமர் பாதமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4 மீட்டர்தான். ஆனால் சமதரைதானே என்று எளிதாக நினைத்து வருபவர்களைக் காற்று திருத்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை முதுகைத் தள்ளத் தெற்கு நோக்கிப் பறந்து செல்பவர்கள், திரும்பும்போது அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, நடப்பவனும் முந்திச் செல்லும் வேகத்தில் ஊர்ந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உப்பளங்களுக்கு இடையே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காட்டுப் பகுதியில் சாலைக்கு இருந்த நிழலையும் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் பெருமளவு கொண்டுபோய்விட்டது.

இந்தச் சாலையின் உண்மையான சைக்கிள்காரர்கள் எங்களைப் போன்ற விடுமுறைக்காரர்கள் அல்லர். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு மிகுதியாக விளையும் இந்த வட்டாரத்தில், விடியுமுன் பாத்திக்குப் போகும் உப்பளத் தொழிலாளரும், கேரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரும் வியாபாரிகளுமே அந்தப் பெயருக்கு உரியவர்கள். ஒருமுறை சீமைக் கருவேல முள் ஏறி என் பின் சக்கரம் பஞ்சரானபோது உதவியவர் அப்படி ஒரு தொழிலாளிதான். இருக்கைக்கு அடியில் தொங்கிய துணிப்பையிலிருந்து ரப்பர் துண்டையும் சொல்யூஷனையும் எடுத்தார்; டியூபை உப்பளத்து வாய்க்காலில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டார். உப்பு நீர் பட்ட இடத்தில் ஒட்டு நிற்காது என்று சொல்லி, தாம் குடிக்கக் கொண்டுவந்திருந்த நீரை ஊற்றிக் கழுவித் துடைத்த பிறகே ஒட்டினார். அவருடைய சைக்கிளில் மட்கார்டு கம்பிகள் துருவேறி உதிர்ந்திருந்தன; செயினில் மட்டும் கறுப்பாகப் பழைய எஞ்சின் ஆயில் மினுங்கியது. "வாடையில போறது சுகம், வர்றதுதான் சார் தண்டனை" என்றார். அன்றாடம் இரு வழியும் மிதிப்பவர் அவர்.

அவருக்கும் எனக்கும் பொதுவான சங்கடம் சாலையின் விளிம்பு. தார் போடும் ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தளம் போடப்படுவதால் சாலை உயர்கிறது, பக்கத்து மண் அப்படியே நிற்கிறது. பல இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடைக்குக் குறையாத இறக்கம். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் அந்த இறக்கத்தில் இறங்கத்தான் வேண்டும். இறங்கிய சக்கரம் மீண்டும் ஏறும்போது விளிம்பில் உரசிச் சறுக்கிவிடும். சென்ற தை மாதம் உப்பு ஏற்றிய லாரி ஒன்றுக்கு ஒதுங்கப்போய் நான் அப்படித்தான் விழுந்தேன். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கேரியரில் 40 கிலோ சுமையோடு வருபவர் விழுந்தால் சிராய்ப்போடு போகாது. ஓட்டுநரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எதிரே வேன் வந்துகொண்டிருந்தது, அவருக்கும் ஒதுங்க இடம் இல்லை.

அப்படியானால் தனிப் பாதை நல்லதுதானே என்று கேட்கலாம். சதுப்பு நிலத்தில் பாதை என்றால் கரை என்று பொருள். கோடியக்கரையில் தொடங்கி மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் இந்தச் சேற்று நிலம், கடலின் ஓதமும் மானங்கொண்டான் போன்ற கடைமடை ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் கலந்து பரவுவதால்தான் உயிரோடிருக்கிறது. புதிதாக ஒரு கரை எழுந்தால் ஒரு பக்கம் நீர் தேங்கும், மறுபக்கம் வெடித்துக் கிடக்கும். நடுவே வைக்கும் குழாய்ச் சிறுபாலங்கள் இரண்டு மழைக்காலத்தில் சேற்றால் அடைபடும். 1967இல் சரணாலயமாகவும் 2002இல் ராம்சர் ஒப்பந்தப்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடத்தில், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மிதிப்பதற்காக இதைச் செய்வது நியாயமாகாது.

சைக்கிள் ஓசை எழுப்பாது, ஆகவே பறவைக்குத் தீங்கில்லை என்று நண்பர்கள் வாதிடுவதையும் நான் ஏற்பதில்லை. கடந்துபோகும் வாகனத்தைப் பொருட்படுத்தாமல் மேயும் பறவை, மனித உருவம் அருகில் நின்றால் எழுந்து பறந்துவிடும். பளிச்சிடும் சட்டையோடு இருபது பேர் ஒன்றாக நின்றால் கேட்கவே வேண்டாம். சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது இந்தச் சேற்றில் இரை தேடத்தான். நீர் வடிந்து சேறு வெளிப்படும் சில மணி நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு வேளை. நாம் ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் குறைகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துவரும் இடம் இது. அங்கே கைப்பிடியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டு வருபவர்களை, சைக்கிள்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. பூநாரைகளைச் சாலையில் நின்றபடியே, உப்பள வரப்பில் இறங்காமல், பைனாகுலரால் பார்க்கலாம்.

எனவே நான் கேட்பது மிகச் சிறியது. சாலையின் இரு பக்கமும், இப்போதுள்ள கரைக்குள்ளேயே, மண் ஓரத்தைத் தார் மட்டத்துக்கு உயர்த்தி, கிராவல் இட்டு உருளை ஓட்டி இறுக்கித் தர வேண்டும். அடுத்த முறை தளம் போடும்போது பழையதைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும். கோடியக்காட்டுக்குத் தெற்கே காட்டுப் பகுதியில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது என்று விதித்து, அதை வனத்துறைச் சோதனைச் சாவடியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். வெளிமானும் மட்டக் குதிரையும் சாலையைக் கடப்பதற்கு நேரம் பார்ப்பதில்லை. அந்தி மங்கிய பிறகு விளக்கொளியில் அவை திகைத்து நின்றுவிடும். வேகத்தைக் குறைக்க வெள்ளை அடிக்காத வேகத்தடைகளை ஆங்காங்கே எழுப்பிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், இருட்டில் அவற்றில் முதலில் விழுபவர் விளக்கில்லாத சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்தான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப் பாதையில் 2023 ஏப்ரல் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. 1930இல் ராஜாஜி உப்பெடுத்த இடத்துக்கு அருகிலேயே ரயில் வந்து நிற்கும்போது, நிலையத்தில் ஒரு பத்து வாடகைச் சைக்கிள்களை வைத்து உள்ளூர் இளைஞர் யாரிடமாவது ஒப்படைத்தால், வெளியூரிலிருந்து கார்களிலும் வேன்களிலும் வருவோர் சிலராவது அவற்றை ஊரிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அதற்கும் முதலில் அந்த ஓரம் வேண்டும்.

மண் வேலைக்கு ஏற்ற காலம் புரட்டாசி முடிவதற்குள்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொட்டிய மண் இறுகாமல் பள்ளத்துக்கே வழிந்துவிடும். பிறகு அடுத்த கோடை வரை லாரி வரும்போதெல்லாம் அந்த நான்கு விரற்கடை இறக்கத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.