மழைக்கு முன் மொட்டை மாடியைச் சரிசெய்யுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மொட்டை மாடி விஷயத்தைக் கடைசியில் வைத்தீர்கள். அது வருவதற்குள் நேரமாகிவிட்டது என்று எழுந்தும் விட்டீர்கள். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் சார் பதில் போட்டிருந்தார்: "ஒழுகுவது மேல்தளத்து வீடுகளில்தான், அதை அவரவர் பார்த்துக்கொள்வதுதான் முறை." அதைப் படித்த பிறகு, இனி நேரில் சொல்லிப் பயனில்லை என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கே ஒழுகுகிறது, எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். படங்களும் அனுப்பியிருக்கிறோம். அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், மொட்டை மாடி முழுவதையும், சங்கத்தின் பொதுச் செலவில் சரிசெய்து கொடுங்கள்.

எங்கள் வீட்டு உள்ளறையில் மழை இரவு எப்படிப் போகும் என்று உங்களில் யாரும் பார்த்ததில்லை. அங்கே என் மாமியார் படுத்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவரால் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. தண்ணீர் முதலில் ஃபேன் கொக்கியைச் சுற்றித்தான் கசியும். அப்புறம் கம்பி வழியாக இறங்கி, மோட்டார் மேல் வழிந்து, இறக்கையின் நுனியிலிருந்து சொட்டும். பக்கத்துச் சுவரைத் தொடவே பயமாக இருப்பதால் அந்த அறைக்குப் போகும் கரண்டை அணைத்துவிடுகிறோம். அணைத்தால் ஃபேன் மட்டுமா நிற்கிறது? படுக்கைப்புண் வராமலிருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த காற்றுப் படுக்கையின் பம்பும் நின்றுவிடுகிறது. படுக்கை மெல்ல மெல்ல அமுங்கி, அவர் உடம்பு கட்டில் பலகையில் உட்காருகிறது. ஹாலிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால் தரையெல்லாம் ஈரம். நானும் என் கணவரும் மாறி மாறி விழித்திருந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறோம். "என்னால உங்களுக்குத் தூக்கம் போச்சு" என்று அவர் சொல்லும்போது, மாடி ஒழுகுவதற்கு இவர் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று எனக்குக் கோபம் வருகிறது.

இந்த ஆகஸ்ட் மாதத்து இடிமழையில் அந்த அறையின் சீலிங்கிலிருந்து காரை பெயர்ந்து கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. உள்ளங்கை அகலம், ஒரு விரல் கனம். தலைமாட்டில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. செயற்குழுவிலிருந்து இருவர் வந்து பார்த்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பார்த்துவிட்டு, "பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பெயர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக உரிந்து நிற்கிறது. துரு ஏறிய கம்பி முன்பு இருந்ததைவிடப் பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், உப்புக் காற்றில் நிற்கிற கட்டடத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். பட்டி பூசினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இந்தக் கூரையின் கம்பி இந்தக் கட்டடத்தின் கம்பி. அது போனால் எங்கள் வீட்டுக்கு மட்டுமா நஷ்டம்?

தயவுசெய்து ஒருமுறை மாடிக்கு வந்து நிதானமாகப் பாருங்கள். தட்டோடுகளுக்கு இடையே போட்ட சிமென்ட் உதிர்ந்து, சந்துகளில் விரல் நகம் நுழைகிறது. பகலில் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் அந்தப் பூச்சு நிரந்தரமாக நிற்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். நம் கட்டடத்தில் அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. டிஷ் வைக்க வந்தவர்கள் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினார்கள். வீட்டைக் காலி செய்தவர்கள் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், துளை அப்படியே வாய் பிளந்து கிடக்கிறது. லிஃப்ட் அறை ஓரம் கைப்பிடிச் சுவரின் அடியில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது. போன வருடம் வாட்ச்மேன் வெட்டினார். வேர் உள்ளேயே இருந்ததால் திரும்பத் துளிர்த்து இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. மழைநீர்க் குழாயின் வாயை இலையும் பால் கவரும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வாட்டமே சரியில்லை, ஒரு மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிறது.

அவரவர் தலைக்கு மேல் அவரவர் பூசிக்கொள்ளட்டும் என்பது வேலைக்கே ஆகாது. ஓட்டுக்கு அடியில் போன தண்ணீர் செங்கல் ஜல்லியில் ஊறி, கான்கிரீட்டின் மேலேயே நகர்ந்து போய், எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கேதான் இறங்கும். நுழைவது லிஃப்ட் அறை ஓரம், சொட்டுவது எங்கள் உள்ளறையில். உங்கள் யோசனைப்படியே எங்கள் அறைக்கு மேலே மட்டும் ரசாயனப் பூச்சு அடித்தோம், சொந்தப் பணத்தில். அடுத்த கோடையில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பக்கத்திலிருந்து ஈரம் வந்துகொண்டே இருந்தால், வெயிலில் அது ஆவியாகிப் பூச்சைத் தள்ளத்தானே செய்யும்?

சந்துகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும், வாட்டத்தைக் குழாய்ப் பக்கம் திருப்ப வேண்டும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை உருட்டிப் பூச வேண்டும். பிறகு குழாய் வாயை அடைத்து, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் எந்தப் பூச்சும். இவை எல்லாவற்றுக்கும் வெயில் நாட்கள் வேண்டும். பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. ஐப்பசியில் அடைமழை என்று தெரிந்தும், ஆவணியில் கூட்டத்தை ஒத்திவைத்தால் என்ன அர்த்தம்?

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் சில பழைய வீடுகளில் மதராஸ் டெரஸ் என்கிற தளத்தைப் பார்க்கலாம். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். மாடி போனால் வீடு போகும் என்று தெரிந்துதான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நம் ஊர் அடுக்குமாடிகளிலோ வடாம் காயவைக்க, துணி உலர்த்த, தீபாவளிக்கு ராக்கெட் விட மாடி எல்லோருக்கும் வேண்டும். செலவு என்று வரும்போது மட்டும் மேல்தளத்துக்காரர் தலையில் விழுகிறது. நம் சங்கத்தில் மட்டும் இல்லை, தெரிந்தவர்கள் குடியிருக்கும் எத்தனையோ இடங்களில் இதே கதைதான். இந்த வருடம் லாபிக்கு கிரானைட் போட்டீர்கள், வாசலுக்கு வளைவு வைத்தீர்கள். நாங்களும்தான் பணம் கொடுத்தோம். கூரை ஒழுகும் கட்டடத்தில் வாசல் வளைவுக்கு என்ன அவசரம் என்று அன்றைக்குக் கேட்டோம். பதில் இன்றுவரை வரவில்லை.

முறை என்று செயலாளர் சார் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொது இடங்கள் எவை என்று சொல்லும்போது மாடிப்படி, லிஃப்ட் இவற்றோடு மொட்டை மாடியையும் சேர்த்தே சொல்கிறது. நம் கட்டடம் அதைவிடப் பழையது என்பீர்கள். சரி, சட்டத்தை விட்டுவிடுவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்து சம்ப் மோட்டாரும் மீட்டர் போர்டும் கெட்டுப்போயின. "எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே" என்று மூன்றாம் தளத்தில் யாராவது சொன்னோமா? சமமாகப் பங்கு போட்டுத்தானே கொடுத்தோம்? கீழ்வீட்டுக் குடும்பங்கள் இரண்டும் அந்த வாரம் எங்கள் ஹாலில்தான் படுத்தார்கள். அதை உதவி என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. அதே முறையைத்தான் இப்போது மாடிக்கும் கேட்கிறோம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாமல், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துத்தான் இந்தப் பொறுப்பைச் சுமக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடு திரும்பவும் கேட்கிறேன்: மழைக்கு முன், மொட்டை மாடி முழுவதையும், பொதுச் செலவில் சரிசெய்யுங்கள். இந்த வாரக் கடைசியில் ஒரு சிறப்புக் கூட்டம் போடுங்கள், இதை மட்டுமே பேசுவோம். அதற்குள் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து அந்தக் கம்பியையும் மாடியையும் காட்டுங்கள். இரண்டு மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்குங்கள். சங்கத்தின் சேமிப்பான கார்ப்பஸ் ஃபண்டில் குறைந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்று சொல்லுங்கள், எங்கள் பங்கை அன்றைக்கே கட்டிவிடுகிறோம். வேலை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை மட்டும் எழுத்தில் கொடுங்கள். காற்றுப் படுக்கைக்கு என்ன ஏற்பாடு செய்வது என்று நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நன்றியுடன்,
மூன்றாம் தளத்துக் குடியிருப்பாளர்