வண்டி ஓடாத நேரம்

அன்புள்ள ராசா,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வரும் சனிக்கிழமை மண் தடக் கார் பந்தயத்தை நடத்துகிற ரேஸ் டைரக்டர் நாற்காலியில் முதல் தடவையாக நீ உட்காரப்போகிறாய். ஐந்து கிளாஸ், அதாவது ஐந்து வகை வண்டி, மொத்தம் தொண்ணூறு வண்டி என்கிறாய். நடுவில் ஒரு தரம் ‘பயமா இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பேச்சை மாற்றிவிட்டாய். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். பந்தயத்தை நடத்துகிற டவரில் நானும் இருபத்து மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவேன்.

முதலில் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போடு. ஃபைனலுக்கு முன்னால் ஓடும் சின்னப் பந்தயம்தான் ஹீட்; தொண்ணூறு வண்டிக்கு பன்னிரண்டு ஹீட் வரும். ஹீட்டுக்கு 8 லேப் (சுற்று), உங்கள் தடத்தில் லேப் சுமார் 18 விநாடி. பன்னிரண்டு ஹீட்டும் சேர்ந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. 20 லேப் வீதம் ஐந்து ஃபைனல் ஓடினால் இன்னொரு அரை மணி. ஆக, பச்சைக் கொடியின் கீழ் வண்டி ஓடுவது மொத்தம் ஒரு மணி நேரம். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தால் முடிய பத்தரை ஆகிறது. மீதி நாலு மணி நேரம் எங்கே போகிறது? அந்த நாலு மணி நேரம்தான் உன் வேலை. ஓடுகிற ஒரு மணி நேரத்தை ஓட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இது புரிய எனக்கு நாலைந்து சீசன் ஆனது. அதுவரை நானும் பந்தயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், ஒரு ஹீட்டுக்குக் கடைசி லேப் வெள்ளைக் கொடி காட்டும்போது அடுத்த ஹீட் வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றனவா என்று பார்க்கப் பழகினேன். பந்தயம் முடிந்து செக்கர் கொடி விழுந்த பிறகு, வண்டிகள் நிறுத்தியிருக்கும் பிட்டில் போய்க் கூப்பிட ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம் போகும். பன்னிரண்டு ஹீட்டுக்கு நடுவே பதினொரு இடைவெளி இருக்கிறது. அதிலேயே இருபத்திரண்டு நிமிஷம் காலி. அதனால் பிட் வாசலில் நிற்பவர் உன்னிடம் இருப்பதிலேயே கெட்டிக்காரராக இருக்கட்டும். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். முடித்த வண்டி வெளியேறும்போதே அடுத்த வண்டி நுழைய வேண்டும். பெயர் கூப்பிட்டும் வராத வண்டிக்கு ஒரு தடவை காத்திரு. அதற்குமேல் கடைசி வரிசைதான், அது யாராக இருந்தாலும். முதல் ஹீட்டில் நீ இப்படிச் செய்துவிட்டால் அந்த இரவு முழுக்க யாரும் தாமதமாக வரமாட்டார்கள்.

ஸ்பிரின்ட் கார் கிளாஸுக்கு மட்டும் கணக்கு வேறு. அவற்றுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. சுழன்று நின்றால் என்ஜின் நின்றுவிடும், பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளும் வண்டி இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, நாலு வை. அந்த கிளாஸை அட்டவணையில் போடும்போது மற்றவற்றைவிட ஹீட்டுக்கு மூன்று நிமிஷம் கூடுதலாகப் போடு.

வண்டிகள் அளவுக்கு மீறி வந்துவிட்டால் ஒரே இரவில் எல்லாவற்றையும் திணிக்க நினைக்காதே. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் தடத்தில் 1961-ல் தொடங்கிய நேஷனல்ஸ் என்ற ஸ்பிரின்ட் கார் பந்தயம் இருக்கிறதே, அத்தனை அனுபவம் உள்ள இடத்தில்கூட வருகிற வண்டிகளை இரண்டு தகுதி இரவுகளுக்குப் பிரித்துத்தான் விடுகிறார்கள். உனக்கு இருப்பது ஒரே இரவு என்றால் லேப்பைக் குறை. ஹீட்டை 8-லிருந்து 6 ஆக்கியதற்காக யாரும் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனதில்லை. ஃபைனலைக் குறைத்தால் போவார்கள்.

நீ மிச்சம் பிடிக்கிற அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை அப்படியே மண்ணுக்குக் கொடுத்துவிடு. ஹீட்டுக்கும் ஃபைனலுக்கும் நடுவே மண்ணைச் சமப்படுத்தும் கிரேடரையும் தண்ணீர் லாரியையும் தடத்துக்குள் விடு. பார்க்க வந்தவர்கள் முனகுவார்கள், விளம்பரம் கொடுத்தவர் டவருக்கே ஏறி வந்து ‘சீக்கிரம் ஆரம்பிங்க’ என்பார். நீ அசையாதே. ஹீட் முடியும்போது வளைவின் நுழைவில் பள்ளம் விழுந்திருக்கும். எட்டு வண்டி ஓடும்போது அந்தப் பள்ளம் ஒரு குலுக்கலோடு போய்விடும். இருபத்துநாலு வண்டி ஒட்டி ஓடுகிற ஃபைனலில் அதே பள்ளம் ஒரு வண்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிடும்.

மண்ணைப் பற்றி அப்பாவைக் கேட்டால் அவர் தனியாகப் பத்துப் பக்கம் எழுதுவார். நேற்று இரவு உனக்காகக் கேட்டேன், சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் பேசினார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். தண்ணீர் விடுவது சனிக்கிழமை காலை வேலை இல்லை, வியாழக்கிழமையே தொடங்க வேண்டும். மேல்மண்ணைக் கிளறிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உள்ளே இறங்க விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் மேலே சேறு, கீழே புழுதி. சேற்றில் வழுக்கும், அது விலகியதும் தூசி கிளம்பும். தூசியில் பின்னால் வருகிறவருக்கு முன்னால் சுழன்று நிற்கும் வண்டி தெரியாது. களிமண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்க்கச் சொன்னார். உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிராமல் பிளக்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. நாலு வளைவிலும், மேலே நடுவே கீழே என்று மூன்று இடத்திலும் எடுத்துப் பார்க்கணுமாம். நிழல் விழுகிற வளைவும் வெயில் விழுகிற வளைவும் ஒன்றுபோலக் காயாது. வெயிலைவிடக் காற்றுக்குப் பயப்படச் சொன்னார். ஈரத்தைப் பிடித்துவைக்கச் சில தடங்களில் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள், உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுவை.

பிறகு ரோலர். அதற்குப் பிறகு சக்கரத்தாலேயே அழுத்துவது: எல்லா வண்டியையும் மெதுவாகச் சுற்ற விடுவது. ஓட்டுகிறவர்கள் இதற்கு வரச் சலித்துக்கொள்வார்கள், என்ஜின் சூடேறும் என்பார்கள். எல்லாரும் வந்தாக வேண்டும் என்று டிரைவர்ஸ் மீட்டிங்கிலேயே சொல்லிவிடு. ஃபைனல் நேரத்தில் நடுப்பகுதி காய்ந்து பளபளவென்று கறுத்திருக்கும், உதிர்ந்த மண் வெளி ஓரத்தில் ஒரு மேடாகச் சேர்ந்திருக்கும். தைரியசாலிகள் அந்த மேட்டில் பின் சக்கரத்தைச் சாய்த்து ஓட்டுவார்கள், பொறுமைசாலிகள் கீழே ஈரத்தைத் தேடுவார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று ஜோடியாக வளைவில் வருகிற அந்தக் காட்சிக்காகத்தான் உன் அப்பா இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து லாரி ஓட்டினார். பாராட்டெல்லாம் ஓட்டுகிறவர்களுக்குப் போகும். உங்கள் மண்காரருக்கு நீயாவது மைக்கில் ஒரு நன்றி சொல்.

இனி உன் குரலைப் பற்றி. எனக்கு மிகவும் கவலை இதில்தான்.

ஓட்டுகிறவர்கள் காதில் இருப்பது ஒருவழி ரேடியோ. நீ பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்களால் உனக்குப் பதில் சொல்ல முடியாது. இருபத்துநாலு பேர், ஹெல்மெட்டுக்குள், இருட்டில், உன் குரலை மட்டும் நம்பி ஓட்டுகிறார்கள். நீ பதறினால் இருபத்துநாலு பேர் பதறுவார்கள். அதனால் சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துவை. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி என்றால், ‘மஞ்சள், மஞ்சள், இரண்டாம் வளைவு, கீழே.’ அவ்வளவுதான். யார் தவறு, ஏன் சுழன்றார் என்பதெல்லாம் ரேடியோவில் வேண்டாம். திட்டுவது வேண்டவே வேண்டாம். மஞ்சளுக்குப் பிறகு மறுபடி கிளம்பும் ரீஸ்டார்ட் வரிசை சொல்லும்போது வண்டி எண்ணை மட்டும் சொல், ஒரே வேகத்தில் சொல்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அன்று மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, இன்னும் இரண்டு ஃபைனல் பாக்கி. எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. ஒரு மஞ்சள் விழுந்து, இழுவை வண்டி போய் வேலையை முடித்தது. தடம் காலி என்று மூன்று வளைவிலிருந்து பதில் வந்தது. நாலாவது பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. ‘இந்தச் சுற்றில் பச்சை’ என்று சொல்லிவிட்டேன். வண்டிகள் நாலாம் வளைவைத் தாண்டி நேர்பாதைக்கு வந்துவிட்டன. கொடிக்காரர் பச்சையைத் தூக்கவில்லை. மஞ்சளையே ஆட்டினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அப்புறம் பார்த்தால், இரண்டாம் வளைவில் உடைந்து விழுந்த ஒரு தகட்டை எடுக்க இழுவை வண்டிக்காரர் இறங்கித் தடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

இரவு எல்லாம் முடிந்த பிறகு கொடிக்காரர் டவருக்கு ஏறி வந்தார். ‘ரெண்டாவது வளைவுல ஆள் இருந்தாரு, அக்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. எதற்கென்று தெரியாமல் நீ பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பச்சைக்கு முன்னாலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வளைவு வளைவாகப் பெயர் சொல்லிக் கேட்பேன், பதில் காதில் விழுந்த பிறகே அடுத்த வளைவுக்குப் போவேன். பத்து விநாடி ஆகும். இடைவெளியில் எத்தனை அவசரம் வேண்டுமானாலும் காட்டு, இந்தப் பத்து விநாடியில் மட்டும் காட்டாதே. இன்னொன்று: உன் கொடிக்காரரிடம் சனிக்கிழமை மதியமே போய், ‘நான் பச்சை சொன்னாலும் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் தூக்காதீர்கள்’ என்று நேரில் சொல். நீ வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு அந்தத் தைரியம் வரும்.

பந்தயத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்தால் எல்லா வண்டியும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். முதலில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆட்களும் போகட்டும், மற்றவர் யாரும் உள்ளே ஓடக் கூடாது, பெற்றவர்களாக இருந்தாலும். எந்தக் கிளாஸ் பெட்ரோல், எந்தக் கிளாஸ் மெத்தனால் என்று தீயணைப்பு ஆட்களிடம் எழுதியே கொடு. மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது; ஓட்டுகிறவர் கையை உதறிக்கொண்டு வெளியே குதிப்பதைப் பார்த்துத்தான் புரியும். அது தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் கொட்டினால் அணையும். பெட்ரோல் தீயில் அதே தண்ணீரைக் கொட்டினால் தீ பரவும்.

தீ இல்லையென்றால் ஆட்கள் வரும்வரை யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மீட்டிங்கில் இதை இரண்டு தரம் சொல். 2014 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மண் தடத்தில், மோதலுக்குப் பிறகு கோபத்தோடு இறங்கித் தடத்தில் நடந்த இருபது வயதுப் பையன் இன்னொரு வண்டி பட்டு இறந்துபோனான். அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் ஒரு வாரத்துக்குள் இதற்கென்று விதி கொண்டுவந்தது. உன்னைவிடச் சின்னப் பையன். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்தேனே, ஒன்றுமில்லை சும்மாதான் என்று சொன்னேனே, அது இதனால்தான்.

ஆம்புலன்ஸ் ஒன்று தடத்தை விட்டுப் போய்விட்டால் அடுத்தது வந்து நிற்கும்வரை ஒரு வண்டியும் ஓடக் கூடாது. அதனால் இரண்டு ஏற்பாடு செய். மீட்டிங்கில் எழுதிவைத்ததை அன்றிரவு மாற்றாதே.

வண்டியில் மாட்டி லேப் எண்ணுகிற டிரான்ஸ்பாண்டர் கருவியை நம்பு, ஆனால் கையால் லேப் எழுத இரண்டு பேரை வை. நான் இந்த வேலைக்கு வந்ததே பென்சிலும் நோட்டுமாகத்தான். கருவி ஒரு வண்டியில் கழன்று விழும், இன்னொன்றில் சார்ஜ் தீரும். அப்போது ஜன்னலில் வந்து கத்துகிறவருக்குக் காட்ட அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும். ஆட்சேபம் எதுவானாலும் எழுதித் தரச் சொல். கூட்டத்துக்கு நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லாதே. ஜெயித்த வண்டி நேராக எடைமேடைக்குப் போக வேண்டும், வழியில் பிட் ஆட்கள் யாரும் தொடக் கூடாது.

சின்னப் பிள்ளைகள் கிளாஸ் இருக்கிறதல்லவா, அவர்கள் ஃபைனலை முதலில் வை. பெரிய கிளாஸ்காரர்கள் மண் நன்றாக இருக்கும்போது நாங்கள் ஓட வேண்டும் என்பார்கள். இருக்கட்டும். பத்தரை மணிக்குத் தூக்கம் சொக்க வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அந்த நிலையில் அதற்குப் பச்சை காட்ட மனசு வராது.

பயமாக இருக்கிறது என்றாயே. எனக்கு இருபத்து மூன்று வருஷமும் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பச்சைக்கு முன்னால் கை சில்லிட்டுப் போகும். மேஜைக்குக் கீழே இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டுதான் மைக்கைத் தொடுவேன். நீயும் அப்படியே செய்.

சனிக்கிழமை எத்தனை மணியானாலும் பரவாயில்லை, கடைசி வண்டி பிட்டை விட்டு வெளியே போனதும் கூப்பிடு. விழித்திருப்போம். மண் எப்படி இருந்தது, எந்த வளைவு முதலில் காய்ந்தது என்று அப்பா துருவித் துருவிக் கேட்பார், பொறுமையாகச் சொல். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: இரண்டு ஆம்புலன்ஸும் நிறுத்திய இடத்திலேயே நின்றனவா என்று.

உன்
அம்மா