"செஞ்சானா?" என்று கேட்காதவர்களுக்கு

தாராவி டிரான்சிட் கேம்ப், தொண்ணூறடி ரோடு, மாட்டுங்கா லேபர் கேம்ப் உறவுகளுக்கும், எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வளைகுடாவிலிருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

இந்த நன்றி ஒரு வருடத்துக்கும் மேல் தாமதமாக வருகிறது. 2024 ஜூனில் தம்பி அமீரகச் சிறையிலிருந்து வீடு வந்து சேர்ந்த மறுநாளே எழுத உட்கார்ந்தேன். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் எழுது" என்று அம்மா பேனாவைப் பிடுங்காத குறையாகத் தடுத்துவிட்டாள். போன மாதம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் பயந்தது வீண்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஒன்றும் தெரியாத அப்பாவி இல்லை. 2023 டிசம்பரில் பெரியப்பா மகன் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் பையன்களோடு உட்கார்ந்து கஞ்சா பிடித்திருக்கிறான். மூன்றாம் நாள் விமானம் ஏறினான். அமீரகத்தில் அவன் வேலை பார்த்த ஊரின் பெயரும் ஓட்டலின் பெயரும் இங்கே வேண்டாம். போய் இறங்கிய மறுநாள், அவன் தங்கியிருந்த அறைக்கு வேறொருவனைத் தேடிப் போலீஸ் வந்தது. அறையில் இருந்த ஆறு பேரையும் கூட்டிப்போய்ச் சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். தேடி வந்தவன் சிக்கினான், கூடவே இவனும் சிக்கினான். இவன் பையிலும் ஒன்றுமில்லை, பெட்டியிலும் ஒன்றுமில்லை. அந்த நாட்டுச் சட்டத்துக்கு அது உடம்பில் இருந்தாலே போதும். கஞ்சா பிடித்தது மும்பையில் என்று சொல்வதால் வழக்கு போய்விடாது.

பதினோரு நாள் அவன் போன் அணைந்தே கிடந்தது. விபத்தா, ஆஸ்பத்திரியா என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு திருச்சூர்க்காரர் அழைத்தார். அவர் தம்பியோடு ஒரே சமையலறையில் வேலை பார்த்தவர். பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, "சேச்சி, அழாதே கேளுங்க" என்று ஆரம்பித்தார். நம்மோடு பேசியது கம்பெனிக்குத் தெரிந்தால் அவர் வேலைக்கே உலை. தெரிந்தும் அழைத்தார். முதல் நன்றி அவருக்கு.

அப்புறம்தான் அந்தக் கேள்வி ஆரம்பமானது. "செஞ்சானா?" சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு தலைவரின் வீட்டு வாசலில் அவருடைய ஆள் கேட்டார். ஒரு அலுவலகத்தில் மனுவைத் தொடாமலேயே கேட்டார்கள். ஆமாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு அலுவலகத்தில் வேறு சிக்கல். ரேஷன் கார்டு மகாராஷ்டிரா, சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை, நீங்கள் எந்தக் கணக்கு என்று கேட்டார்கள். மூன்று தலைமுறையாக எங்களுக்கே விடை தெரியாத கேள்வி அது. இதற்கு நடுவே, "உள்ளே ஆள் இருக்கு, பத்து நாளில் வெளியே எடுத்துடலாம்" என்று ஒருவர் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

அதனால்தான் கேள்வி கேட்காமல் கை கொடுத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறேன்.

அறுபதடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பையன், கடை சாத்தும் நேரத்தில் உட்கார்ந்து வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகார் பதிந்து கொடுத்தான். 2015 முதல் அப்படி ஒரு தளம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பாஸ்போர்ட் நகலைத் தேடி எடுத்து, கம்பெனி முகவரி கண்டுபிடித்து, அவன் அடித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. காசு கொடுத்தேன், பிரிண்ட் எடுத்த பத்து ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான்.

தூதரகத்திலிருந்து பதில் வந்தது. கைதி தானே சம்மதம் சொன்னால்தான் அவரைப் பற்றிய தகவலை வெளியே சொல்ல முடியும், அந்த நாட்டு விதி அப்படி என்றார்கள். இங்கே ஒரு விஷயம். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு, வெளிநாட்டில் கைதாகிறவர் கேட்டுக்கொண்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்படிக் கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது என்று கைதியிடம் சொல்லவும் வேண்டும். தம்பியிடம் சொன்னார்களோ என்னவோ, அவன் கையெழுத்துப் போட்ட தாள்கள் எல்லாமே அரபியில் இருந்தன. தூதரகத்துக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று வேறு பயந்திருக்கிறான்.

அந்தப் பயத்தைத் தெளியவைத்தவர் சிறையில் அவனோடு ஒரே அறையில் இருந்த சில்ஹெட்காரர், வங்கதேசத்தவர். கடன் வழக்கில் உள்ளே இருந்தார். அவருக்கு அரபி தெரியும், இந்தி தெரியும். தம்பிக்கு இங்கிலீஷ் தகராறு, ஆனால் தாராவி இந்தி தண்ணீர் பட்டபாடு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தலையில் அடித்துக்கொண்ட அந்த இந்திதான் அவனைக் காப்பாற்றியது. காகிதம் காகிதமாகப் படித்துச் சொல்லி, எங்கே சம்மதம் எழுத வேண்டும், விசாரணையில் எந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

சம்மதம் போனபிறகு ஒரு மலையாளி சமூக சேவகர் போய்ப் பார்த்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுத்தான் இந்த வேலைக்குப் போகிறார். உள்ளே போன் கார்டு வாங்க அவர் கட்டிய நூறு திர்ஹத்தில்தான் முதல் அழைப்பு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். "அக்கா" என்றான். அப்புறம் சத்தமே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற யாரோ "ஜல்தி பாய், ஜல்தி" என்றார். உடனே தம்பி கேட்டான்: "மாவு அண்டாவை யாருக்கா தூக்குறா?"

எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம். அம்மா ராத்திரி மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவாள். சைக்கிள்காரர்கள் ஐந்து மணிக்கெல்லாம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அண்டாவை இறக்குவது எப்போதும் தம்பியின் வேலை. லீவில் வந்த பன்னிரண்டு நாளும் அவன்தான் இறக்கினான். நான்தான் தூக்குகிறேன் என்று சொன்னேன். பொய். எதிர்க் கோலியில், அதாவது எதிர்த்த ஒற்றை அறை வீட்டில், இருக்கும் மராத்தி மாமிதான் தன் மகனைத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தார். மாமிக்கும் நன்றி, தூக்கம் கெட்ட அந்தப் பையனுக்கும் நன்றி.

அப்புறம் வக்கீலம்மா. இலவசச் சட்ட உதவியில் வேலை பார்ப்பவர், பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே போய் வாதாட அவரால் முடியாது. ஆனால் எங்களுக்கு நிலைமையைப் புரியவைத்தவர் அவர்தான். அமீரகத்தில் முதல் முறை போதைப்பொருள் உட்கொண்டு பிடிபட்டாலே முன்பெல்லாம் குறைந்தது 2 வருடம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை 3 மாதமாகக் குறைத்திருக்கிறது, அல்லது 20,000 திர்ஹத்திலிருந்து 1,00,000 திர்ஹம் வரை அபராதம். நாடு கடத்துவதா வேண்டாமா என்பதும் நீதிபதியின் முடிவு. இதைக் கேட்ட அன்றுதான் அம்மா ஒரு வாய் சோறு தின்றாள்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு மறக்கவில்லை. "உன் தம்பிக்காக அழுகிறாயே, இதே மும்பையில் சிறையில் இருக்கிற வெளிநாட்டுப் பையன்களை நினைத்திருக்கிறாயா?" என்றார். இல்லை, நினைத்ததில்லை. நம் நாட்டு 1985 போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா சிறிய அளவுதான். அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உள்ளூர்ப் பையன் ஜாமீனில் வந்துவிடுவான். வெளிநாட்டுக்காரனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட யார் வருவார்? வாடகை ஒப்பந்தம் எங்கே, சிறைக்கு வந்து பார்க்கிற ஆள் எங்கே? போதைப்பொருள் வழக்கில் வெளிநாட்டவர் ஜாமீன் கேட்டால், இவர் நாட்டைவிட்டு ஓடமாட்டார் என்று அவர் தூதரகத்தின் சான்றிதழ் கேட்பது 1994 முதல் இருந்த வழக்கம். தம்பி திரும்பி வந்த அடுத்த மாதம், 2024 ஜூலையில், ஒரு நைஜீரியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தூதரகம் சான்றிதழ் தராவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காக ஜாமீனை நிறுத்தி வைக்க முடியாது, கூகுள் மேப்பில் எந்நேரமும் இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டே இரு என்றும் நிபந்தனை போட முடியாது என்றது. வக்கீலம்மா அதை எனக்குப் போன் போட்டுச் சொன்னார், ஏதோ எங்கள் வீட்டு நல்ல செய்தி மாதிரி.

தம்பிக்கு மூன்று மாதத் தண்டனையும் நாடு கடத்தலும் விழுந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஐந்தரை மாதம். இது பலருக்குப் புரிவதில்லை. தண்டனை முடிந்தால் கதவு திறக்கும் என்று நாங்களும் நினைத்தோம். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது, கம்பெனி இன்று நாளை என்றது. கடைசியில் தூதரகம் அவுட்பாஸ், அதாவது பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்புவதற்கான பயணத் தாள், கொடுத்தது. டிக்கெட் நம் செலவு. கைரேகை, கண் ஸ்கேன் எல்லாம் எடுத்துத்தான் ஏற்றிவிட்டார்கள், அந்த நாட்டுக்குள் இனி அவன் கால் வைக்க முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் கழிந்த ஒவ்வொரு நாளும் காகிதத்துக்காகக் கழிந்த நாள். அந்த மலையாளி அண்ணன் மட்டும் அலையாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதமோ.

பணம் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இட்லிக்காரர்கள் மொத்தம் 3,000 ரூபாய் சேர்த்தார்கள். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு. ரப்பர் பேண்ட் போட்டு, காலியான சட்னித் தூக்கில் வைத்து அம்மாவிடம் கொடுத்தார்கள். பேங்க்கில் எண்ணிய பெண் நோட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தேங்காய் வாசம். முறுக்கு போடுகிற அக்காமார் சீட்டுப் பணத்தில் முதல் தவணையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தொண்ணூறடி ரோட்டு மார்வாடி, அம்மாவின் வளையலுக்கு நாலு மாத வட்டி வாங்கவில்லை. மார்வாடிக்கு நன்றி மடல் எழுதிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு, இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் தம்பி பெட்டியில் குருமாவுக்கென்று கசகசா பொட்டலம் வைப்பாள். அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். இத்தனை தடவையும் தப்பியது பிள்ளையார் புண்ணியம். இடுப்பு வலிக்குத் தின்கிற டிராமடால், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவை நம் ஊர் டாக்டர் எழுதியதாகவே இருந்தாலும், அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். யார் கொடுத்த பார்சலையும் பிரிக்காமல் வாங்காதீர்கள், சித்தி கொடுத்தாலும் சரி. இதே மும்பையிலிருந்து 2019இல் கத்தார் போன ஒரு இளம் தம்பதி, உறவுக்காரப் பெண் கொடுத்துவிட்ட பொட்டலத்தில் நாலு கிலோ ஹஷீஷ் இருந்ததால் பத்து வருடத் தண்டனை பெற்றார்கள். குழந்தை அங்கே சிறையில் பிறந்தது. 2021இல்தான் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள்.

தம்பி வந்து இறங்கியது அதிகாலை நாலு மணிக்கு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே ஒரு சட்டை, ஒரு சோப்பு உறை. உறையின் உள்பக்கத்தில் சில்ஹெட்காரர் வீட்டு நம்பர் எழுதியிருந்தது. அன்றைக்கே அழைத்துப் பேசினான். அவர் இன்னும் வரவில்லை. அவருக்கான நன்றியை நேரில் சொல்ல வேண்டும் என்று தம்பி வைத்திருக்கிறான். அவன் இப்போது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மெஸ்ஸில் வேலை பார்க்கிறான். அண்டாவையும் அவனே தூக்குகிறான்.

வசூல் மொத்தம் 71,400 ரூபாய். டிக்கெட், மொழிபெயர்ப்பு, போன் கார்டு, துணிமணி எல்லாம் போக மீதி 6,350. கணக்கு நோட்டு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மீதியைப் போன வாரம் வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம், அவர்கள் வீட்டுப் பையன் குவைத்தில் மாட்டியிருக்கிறான். என்ன வழக்கு என்று நான் கேட்கவில்லை. நோட்டில் பெயர் எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். தொகையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா
டிரான்சிட் கேம்ப், தாராவி, மும்பை