வலது கை பிரேக்கில் இருக்கட்டும்

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தை வீட்டுக்காரி அலுமாரிக் கண்ணாடியில் சொருகி வைத்திருக்கிறாள். கிளிநொச்சியில் கிணறு இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே நேர்மாறு. மூன்று கிழமையாக மழை விட்ட பாடில்லை. கொத்மலை ஓயா செம்மண் நிறத்தில் ஓடுகிறது, துவைத்த துணியெல்லாம் அடுப்படியில் தொங்குகிறது. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. மற்றவர்கள் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளுக்கு சிக்னல் லைட் பூட்டியதைக் கேள்விப்பட்டு நீ கோபித்திருந்தாய். அது அப்பா விட்டுப்போன மாதிரியே இருக்க வேண்டிய வண்டி என்று எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில், உன் மாமாவின் ஹொண்டா 90-க்கு சிக்னல் பூட்டுவது எப்படி என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

போன ஆடியில் ஒரு நாள், நானுஓயாவிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். பின்நேரம் நாலு மணிதான், ஆனால் பனி இறங்கி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. லிந்துலைக்கு மேலே வலது பக்கம் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். பின்னால் மரக்கறி லொறி ஒன்று. வழக்கம்போல வலது கையை நீட்டினேன். நம் வண்டியில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் அந்தக் கையில்தானே. கையை எடுத்ததும் இரண்டும் போச்சு. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பள்ளத்தில் இழுத்துப் பிடிக்கவும் பிடிக்காது. இடது கால் பிரேக்கை மிதித்தேன், ஈர ரோட்டில் பின் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போனது. லொறிக்காரர் என் கையைப் பார்க்கவே இல்லை. அவர் மேல் குற்றமில்லை. கறுப்பு மழைக்கோட்டுக் கை பனிக்குள் எங்கே தெரியப்போகிறது? ஹோர்ன் அடித்துக்கொண்டு வெட்டித் திருப்பி, என் கைமுட்டிக்கு ஒரு முழம் தள்ளிப் போனார். நான் கானுக்குள் விழுந்து எழும்பினேன். முழங்கை தேய்ந்ததோடு சரி.

அப்பா அந்தக் கையை எப்படி நீட்டுவார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தோளுக்கு நேராக, விரல்களை ஒட்ட வைத்து, அசையாமல். நாம் இருவரும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவர் கை நீட்டும்போது நாமும் நீட்டுவோம். ஆனால் அப்போது அந்த ரோட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை வாகனம் போனது? தோட்டத்து லொறி, பஸ், துரையின் ஜீப். இன்றைக்கு வளைவுக்கு வளைவு வேன் நிற்கிறது. இந்த வண்டியை நான் ஓடத்தான் வைத்திருக்கிறேன். இந்த ரோட்டில் இறங்குகிறவனின் வலது கை பிரேக்கிலேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் பூட்டினேன். ஒரு துளைகூடப் போடவில்லை மச்சான். எல்லாமே கிளிப்பிலும், ஏற்கனவே இருக்கிற நட்டிலும் நிற்கிறது. அரை மணித்தியாலத்தில் கழற்றினால் அப்பாவின் வண்டி அப்படியே இருக்கும்.

இனி வேலையைச் சொல்கிறேன். நான் இரண்டு முறை பிழைவிட்டுத்தான் சரியான வழிக்கு வந்தேன். நீ அந்தப் பிழையை விடாதே.

முதலில் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒரு செட் வாங்கினேன். இழையுள்ள பழைய மாதிரி பல்ப், ஒவ்வொன்றும் 18 வாட்ஸ். விளக்கை விட்டு விட்டு மின்ன வைக்கிற பிளாஷரையும் 6 வோல்ட்டுக்கே தேடிப் பிடித்தேன். அந்தப் பிளாஷருக்குள் இருப்பது இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடுதான். கரண்ட் போனால் சூடேறி வளையும், தொடுப்பு விடும், ஆறினால் திரும்பத் தொடும். அந்தத் தாளம் முழுக்க எத்தனை வாட்ஸ் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. பூட்டினேன், அழகாக மின்னியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பல்ப், 36 வாட்ஸ், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர். என் ஹெட்லைட் பல்பே 30 வாட்ஸ்தான். கொட்டகலைப் பக்கம் ரயில்வே கேட்டில் நின்றபோது, ஒவ்வொரு மின்னலுக்கும் ஹெட்லைட் மங்கியது, எஞ்சினும் ஒரு துடிப்பு விட்டது. இதில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயிலுக்கும் அதே பேட்டரியிலிருந்துதான் கரண்ட். ஐடிலில் ஜெனரேட்டர் தருவது மிகக் கொஞ்சம். கேட் திறக்குமுன் வண்டி நின்றுவிட்டது.

அப்புறம் லண்டனில் இருக்கிற மருமகன் 6 வோல்ட் எல்.இ.டி. விளக்கு நாலும் எலெக்ட்ரானிக் பிளாஷரும் அனுப்பினான். ஒரு விளக்கு 2 வாட்ஸ்கூட இல்லை. 12 வோல்ட் எல்.இ.டி.யை வாங்கிவிடாதே, 6-இல் அது எரியாது. பழைய தகட்டுப் பிளாஷரோடும் சேர்க்காதே, அந்தச் சின்னக் கரண்டுக்குத் தகடு சூடேறாது, விளக்கு மின்னாமல் எரிந்தபடியே நிற்கும்.

இங்கேதான் பழைய பிரிட்டிஷ் வண்டியின் வழக்கம் குறுக்கே வந்தது. என் பேட்டரியின் பொசிட்டிவ் முனைதான் சேசியில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், மாட்டியிருக்கிறது; அதுதான் எர்த். இழை பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் போனாலும் ஒன்றுதான். எல்.இ.டி.க்கு அப்படியில்லை, திசை மாறினால் எரியாது. ஆகவே விளக்கின் பொசிட்டிவ் வயரை எர்த்துக்கும், மற்ற வயரை சுவிட்சுக்கும் கொடுத்தேன். இரண்டு முனைப் பிளாஷரையும் மாற்றித்தான் பூட்ட வேண்டியிருந்தது: பேட்டரிக்கு என்று 'பி' போட்ட முனையில் சுவிட்ச் வயர், விளக்குக்கு என்று 'எல்' போட்ட முனையில் பேட்டரி வயர். உன் ஹொண்டாவில் நெகட்டிவ்தான் எர்த், எழுதியிருக்கிறபடியே பூட்டலாம்.

பூட்டி சுவிட்சை வலது பக்கம் தள்ளினேன். நாலு விளக்கும் சேர்ந்து மின்னியது! அரை நாள் வயரைத் தடவித் தடவிப் பார்த்தேன், எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. காரணம், சிக்னல் போட்டிருக்கிறேனா என்று எனக்குக் காட்டுகிற அந்தச் சின்ன விளக்கு. ஒரே விளக்கை இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் மாட்டியிருந்தேன். வலது பக்கம் போட்டால் அந்தக் கரண்ட் சின்ன விளக்கு வழியாக இடது பக்க விளக்குகளுக்குள் புகுந்துதான் எர்த்துக்குப் போகும். இழை பல்ப் என்றால் அந்தச் சொட்டுக் கரண்டுக்கு அசையாது. எல்.இ.டி.க்கு அதுவே போதும். பிறகு சின்ன விளக்கின் ஒரு முனையை நேராக எர்த் செய்து, மறு முனையிலிருந்து இரண்டு டயோட் வழியாக இரு பக்க வயருக்கும் போனேன். டயோட் கரண்டை ஒரு திசையில் மட்டும்தான் விடும். 1என்4001 என்கிற சாதாரண டயோட், ரேடியோ திருத்துகிற கடையில் கிடைக்கும். என் வண்டியில் வெள்ளைக் கோடு போட்ட முனை சிக்னல் வயர்ப் பக்கம். உன்னுடையதில் அந்தக் கோடு சின்ன விளக்கின் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் அந்தச் சின்ன விளக்கு எரியாது.

எர்த் விஷயத்தில் சோம்பல் படாதே. விளக்கு ரப்பரில் நிற்கிறது, ஹேண்டில் கிரீஸ் போட்ட பெயரிங்கில் நிற்கிறது, அதை நம்பி எர்த் எடுத்தால் ஒரு நாள் மின்னும், ஒரு நாள் மின்னாது. நாலு விளக்கிலிருந்தும் தனி வயர் இழுத்து பேட்டரியின் எர்த் முனைக்கே கொண்டு வந்தேன். ஹேண்டிலை முழுக்க இடதும் வலதும் திருப்பிப் பார்த்து, அதற்குத் தக்க தொய்வு விட்டேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். மூட்டுகளில் ஈயம் வைக்கவில்லை. ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்து, ஒற்றைச் சிலிண்டர் அதிர்வுக்கு அந்த ஓரத்தில் முறிந்துவிடும். நசுக்கிப் பூட்டும் முனைகளைப் போட்டு உள்ளே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். இந்த மழைக்கு அதுதான் காப்பு. ஹொண்டாவில் இடது பக்கத்துக்குச் செம்மஞ்சள், வலதுக்கு இளநீலம், பிளாஷரிலிருந்து சுவிட்சுக்குச் சாம்பல் நிறம், எர்த்துக்குப் பச்சை. உன் ஹெட்லைட்டுக்குள் அந்த வயர்கள் இன்னும் சுருண்டு கிடக்கக்கூடும். புதிதாக இழுக்குமுன் திறந்து பார்.

கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 84 தடவை மின்னுகிறது. 60-க்கும் 120-க்கும் நடுவில் இருந்தால் சரி.

நேற்று அதே இடத்தில், அதே மாதிரிப் பனியில் இறங்கினேன். பின்னால் பஸ் ஒன்று வந்தது. வளைவுக்கு நன்றாக முன்பே சிக்னல் போட்டுவிட்டு, நாலு விரலையும் பிரேக் லீவரில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்தேன். பக்கத்து மண் மேட்டில் மஞ்சள் வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது. பஸ் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நான் திரும்பும்வரை நின்று, பிறகு போனது. திரும்பி முடித்ததும் என்னை அறியாமல் வலது கையை ஒரு தடவை நீட்டி மடக்கினேன்.

உன் ஹொண்டாவை முன்பு வைத்திருந்தவர் வயரை மாற்றியிருக்கவும் கூடும். பேட்டரியின் எந்த முனை சேசியில் பூட்டியிருக்கிறது, பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்து எனக்கு எழுது. அதற்குள் எதையும் வாங்காதே. மருமகன் மார்கழியில் வருகிறான், உனக்கும் ஒரு பிளாஷர் கொண்டுவரச் சொல்கிறேன். பொங்கலுக்கு நீ இங்கே வந்தால் கையிலேயே தருகிறேன். கம்பளிச் சட்டை கொண்டு வர மறக்காதே.

அன்புடன்,
உன் லயத்துக் கூட்டாளி