பத்ராயில் படுத்திருந்தவனுக்கு வந்த கடிதங்கள்

பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை வாசிக்கும் எங்கள் வட்டத்து நண்பர்களுக்கும், என் குடும்பத்துக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி எழுதும் தெம்பு இன்னும் எனக்கு வரவில்லை. குருதி கொடுத்தவர்கள், இரவெல்லாம் வராந்தாவில் விழித்திருந்தவர்கள், பிள்ளைகளுக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள், கணக்குப் பாராமல் பணம் கொண்டுவந்தவர்கள் அனைவருக்கும் நன்றி சொல்கிறேன். தம் எழுத்தரான டிரோ பத்ராய் என்ற கிரேக்க நகரில் நோயில் கிடந்தபோது, அவன் கேட்கும் பணத்தைக் கொடுக்கும்படி அங்கிருந்த குரியுஸ் என்ற நண்பருக்குச் சிசரோ எழுத வேண்டியிருந்தது. எனக்கு வாய்த்த குரியுஸ்களுக்கோ யாரும் ஒரு வரிகூட எழுத நேரவில்லை.

இம்மடலில் பெரும்பங்கு, நாம் எல்லோரும் டீச்சரம்மா என்றழைக்கும் அம்மையாருக்கு உரியது. மருத்துவமனைக்கு அவர் ஒருமுறையும் வரவில்லை. மாறாக, கி.மு. 50 நவம்பரில் சிலிசியா என்ற ரோமானிய மாகாணத்தின் ஆளுநர் பதவியை முடித்துத் திரும்பும் வழியில், பத்ராயில் விட்டுவந்த டிரோவுக்குச் சிசரோ எழுதிய கடிதங்களைத் தமிழில் தம் கையாலேயே எழுதி, ஒவ்வொன்றாக என் மனைவியிடம் கொடுத்தனுப்பினார். மூலத்தில் சிசரோவின் பெயரோடு மகன், தம்பி, தம்பி மகன் ஆகியோரின் பெயர்கள் தலைப்பில் வருவதுபோல, நம் வட்டத்தினர் பெயர்களையும் மேலே வரிசையாக எழுதியிருந்தார்.

மூலக் கடிதங்களுக்கிடையே இருந்த அதே நாள் இடைவெளியிலேயே அவற்றை அனுப்புகிறார் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. வழியிலிருந்த லியூகாஸ், ஆக்டியம் என்ற கிரேக்க ஊர்களிலிருந்து சிசரோ ஒரே நாளில் மூன்று கடிதங்கள் எழுதினார் அல்லவா? எனக்கும் ஒரே நாளில் மூன்று உறைகள் வந்தன. முதலாவதில், வயிறு கெட்டிருந்தவனுக்குச் சூப்புக் கொடுத்த வைத்தியர்மேல் சிசரோவுக்குக் கோபம்; மூன்றாவதில், சொல்லச் செய்தி இல்லாவிட்டாலும் கொண்டுபோக ஆள் கிடைத்ததால் வழக்கத்தை விடாமல் எழுதுவதாக ஒப்புக்கொள்கிறார். அதன்பின் பல நாட்கள் ஒன்றுமே வரவில்லை. யார்மேலும் குறைசொல்ல உரிமையில்லாத நிலையிலும் எனக்கு மனம் வாடியது.

பிறகு கொர்சீராவிலிருந்து எழுதிய கடிதம் வந்தது. எதிர்க்காற்றினால் அந்தத் தீவில் முடங்கிக் கிடந்த சிசரோ, உன் உடல்நிலையை எண்ணிப் பெரிதும் கலங்குகிறோம், ஆனால் உன்னிடமிருந்து கடிதம் வராததில் வியப்பில்லை, அங்கிருந்து கடிதத்தைக் கொண்டுவரும் காற்று வீசினால் நாங்களே இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோமே என்று எழுதுகிறார். உங்களில் எவருக்கும் பதில் எழுதாமல், அழைப்புகளை எடுக்காமல், அதை எண்ணி உள்ளுக்குள் குன்றிப்போயிருந்த எனக்கு, பதில் வராததற்கான காரணத்தை எழுதுபவரே தேடிக் கொடுத்த அந்த வரி பெரிய ஆறுதலாயிற்று. தலையணைக்கடியில் வைத்து அதைப் பலமுறை படித்தேன்.

பத்ராயில் படுத்திருந்த டிரோ கி.மு. 53இல்தான் விடுதலை பெற்ற அடிமை என்பதை நான் மறக்கவில்லை. டிரோ இல்லாமல் சிசரோவுக்கு எழுத்துவேலை ஓடாது. எனவே அந்தக் கனிவில் ஓரளவு தேவையும் கலந்திருக்கிறது என்று வட்டத்தில் வாதிட்டவன் நானே. அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆயினும் தேவை மட்டுமே இருந்திருந்தால், கடலில் பயணம் செய்யும் தெம்பு வரும்வரை கப்பலேறாதே என்று ஒருவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்க மாட்டார் என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்வேன்.

டிரோ எழுதிய பதில்கள் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அந்தச் சாக்கு இல்லை. எனக்காக எழுதியவர்கள், வந்தவர்கள், வர இயலாமல் தவித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே பதில் எழுதுவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க.

டீச்சரம்மா, நான் வீடு திரும்பிய அன்று நீங்கள் தந்த, இத்தாலியத் துறைமுகமான ப்ருந்திசியத்திலிருந்து சிசரோ எழுதிய கடிதத்தைக் காரிலேயே படித்துவிட்டேன். மாலுமிகள் தம் வருமானத்துக்காக அவசரப்படுவார்கள், நீ எச்சரிக்கையாக இரு என்ற வரியை ஓட்டுநருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். பத்ராயில் தனக்கு இடங்கொடுத்த லைசோவின் இசை நிகழ்ச்சிக்கு நோயோடு போனதற்காக டிரோ வாங்கிய செல்லக் கண்டிப்பும் அதே கடிதத்தில் இருப்பதால், அடுத்த கூட்டத்துக்கு நான் வரலாமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.