குளிர் இரவுகளுக்கு ஒரு பானை சில்லி: நன்கொடை வேண்டுகோள்

சான் அன்டோனியோ தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும் இரவுகளில், வீடில்லாதவர்கள் வந்து ஒதுங்கும் தங்குமிடங்களுக்கு மாட்டிறைச்சி சில்லி (காய்ந்த மிளகாய் விழுதில் கறித் துண்டுகளை வேகவைத்த கெட்டிக் குழம்பு) சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று நம்மில் சில குடும்பங்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். சமையலறை கிடைத்துவிட்டது. சமைக்க ஆளும் இருக்கிறது. பணத்தில்தான் 4,500 டாலர் இடிக்கிறது.

கணக்கைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், பேச்சை எடுத்ததுமே எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். "ஏங்க, சாம்பார் சாதம் போட்டால் கால்வாசிச் செலவில் முடிந்துவிடுமே, எதற்குச் சில்லி? அதுவும் பீஃப்?"

தங்குமிடத்துக்காரர்களிடம் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டோம். சில்லி என்றார்கள், யோசிக்கக்கூட இல்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். சின்ன வயதில் அம்மாவோ பாட்டியோ குளிர்காலத்தில் ஆக்கிப் போட்ட சாப்பாடு அது. நம் சாம்பாரைக் குறைத்துச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடப்பவரிடம் கேட்டால் ரசம் சாதம் என்றுதான் சொல்வார், பீட்சா என்று சொல்ல மாட்டார். இதுவும் அப்படித்தான். தவிர, சில்லிக்குத் தட்டு வேண்டாம், மேசை வேண்டாம். கெட்டியாக இருப்பதால் சூடு சீக்கிரம் ஆறாது. நின்றபடியே கிண்ணத்தைக் கையில் பிடித்துச் சாப்பிடலாம், பிடித்திருக்கும் கையும் சூடாகும்.

இன்னொன்று, இந்த நகரத்தில் சில்லி சமைத்துக் கொடுப்பது அதன் சொந்த வீட்டிலேயே சமைப்பது மாதிரி. 1880-களில், இப்போது நகராட்சிக் கட்டடம் நிற்கும் மிலிட்டரி பிளாசாவில், பொழுது சாய்ந்ததும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் விளக்கேற்றி மேசை போட்டுச் சில்லி விற்பார்கள். சில்லி ராணிகள் என்று ஊரே அவர்களை அழைத்தது. அடியில் எரிந்தது மெஸ்கீட் விறகு. (நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி மரம். அங்கே அதை வெட்டி ஒழிக்கப் படாத பாடு படுகிறோம், இங்கே அதன் புகைக்குத் தனி விலை.) நகராட்சிக் கட்டடம் எழும்பியபோது அவர்கள் வேறு சதுக்கங்களுக்கு நகர்ந்தார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ பெயரிலேயே ஒரு சில்லிக் கடை இருந்தது. கடைசியில் 1937-இல் சுகாதாரத் துறையின் விதிகள் வந்து விழுந்தன, ராணிகளின் மேசைகள் மறைந்தன. கொஞ்ச காலம் திரும்பி வந்தார்கள், 1940-களில் அதுவும் முடிந்தது. 1977-இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தபோது அந்தப் பெண்களின் மேசைகள் எதுவும் மிச்சமில்லை.

சரி, டெக்சஸில் அப்படி என்ன குளிர் என்று நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர்கள் கேட்பார்கள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலின்போது இங்கே இருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மாநிலம் முழுக்க 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் போயிற்று. டெக்சஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித்தே இயங்குவதால் வெளியிலிருந்து பெரிதாக வாங்கவும் வழியில்லை. குழாய் வெடித்தது, வந்த தண்ணீரையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி உடல் விறைத்துப் போனதால். அந்த அளவுக்கு மறுபடி வரக்கூடாது. ஆனால் மதியம் அரைக்கைச் சட்டையோடு நடந்தவர் ராத்திரி நடுங்கும்படி வடக்கிலிருந்து காற்று இறங்கும் நாட்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. அந்த ராத்திரிகளுக்குத்தான் எங்கள் பானை.

சமையல் எப்படி என்று சொன்னால்தான் காசு எங்கே போகிறது என்று புரியும். ஒரு தடவைக்கு 60 பவுண்டு மாட்டுத் தோள்பட்டைக் கறி, கசாப்புக்காரரிடம் "சக்" என்று கேட்டால் கொடுப்பார். கொழுப்பும் ஜவ்வும் கலந்த துண்டு. கொத்துக்கறி போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், விலையும் சற்றுக் குறையும். ஆனால் டெக்சஸ் சில்லி என்றால் முக்கால் அங்குலச் சதுரமாக நறுக்கிய கறிதான். அதில் குழு விட்டுக்கொடுப்பதாக இல்லை. மூன்று மணி நேரம் சிறு தீயில் கிடக்கும்போது அந்த ஜவ்வு கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பான கனத்தைக் கொடுக்கும். கொழுப்பில்லாத விலை உயர்ந்த துண்டைப் போட்டால் சக்கையாகிவிடும்.

மிளகாய்தான் இதில் ரசமான வேலை. காய்ந்த ஆஞ்சோ மிளகாய் உள்ளங்கை அகலத்துக்கு, பழைய பேரீச்சம்பழம் மாதிரி கறுத்துச் சுருங்கி இருக்கும். காரம் குறைவு, லேசான இனிப்பு. குவாஹியோ மிளகாய் வழவழவென்று சிவப்பு, நிறத்துக்கு அதுதான். காரத்துக்கு மெலிந்த ஆர்போல் மிளகாய் கொஞ்சம். காம்பும் விதையும் நீக்கி, காய்ந்த இரும்புச் சட்டியில் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் தோல் நெகிழ்ந்து வாசம் எழும்பும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு பேச்சுக்குத் திரும்பிப் பார்த்தால்கூடக் கருகிவிடும், கருகினால் முழுப் பானையும் கசக்கும். பிறகு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸியில் மைய அரைத்து, தோல் திப்பி போக வடிகட்ட வேண்டும். நெடிக்குப் பயந்தவர்கள் அந்த நேரம் வெளியே வண்டிக்குச் சாமான் ஏற்றலாம்.

கறியை ஈரம் ஒற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சட்டியில் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. இதற்கே இரண்டு பேர், இரண்டு சட்டி, ஒன்றரை மணி நேரம். அப்புறம் வெங்காயம், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், மெக்சிகோ ஆரிகானோ, அரைத்த விழுது, எலும்புச் சாறு. இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த மக்காச்சோளத்தின் மாவான மாசாவைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கூடிவரும். மாட்டிறைச்சிப் பானையில் பீன்ஸ் (காய்ந்த பயறு) கிடையாது. இந்த ஊரில் சில்லியில் பீன்ஸ் போட்டால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குண்டூர் மிளகாய்த்தூள் டப்பாவோடு யாரும் அடுப்புப் பக்கம் வரவேண்டாம். கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. மீறினால் அடுத்த வாரம் வெங்காயம் உரிக்கும் பொறுப்பு உங்களுடையது.

சில்லி மறுநாள்தான் ருசிக்கும். அதனால் முதல் நாள் மாலை சமைத்து, ஆறவைத்து, மறுநாள் சூடாக்கிக் கொண்டுபோகிறோம். இங்கேதான் பணம் அதிகம் தேவைப்படுகிறது. பெரிய பானைக் குழம்பை அப்படியே மூடி வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். இறைச்சிக் குழம்பில் கிருமி பெருக அதைவிட நல்ல இடம் வேறில்லை. விதிப்படி 135 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 70-க்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 41-க்கும் இறங்க வேண்டும். அதற்கு இரண்டு அங்குல ஆழத் தட்டையான எஃகுத் தட்டுகளில் பிரித்து ஊற்ற வேண்டும், பானைக்குள் விட்டுக் கிளற, உள்ளே தண்ணீரை உறையவைத்த ஐஸ் துடுப்பு வேண்டும். மறுநாள் 165 டிகிரி வரை சூடாக்கி, பரிமாறி முடியும்வரை 135-க்குக் கீழே போகாமல் காப்பாற்ற வெப்பம் தாங்கும் பெட்டி வேண்டும். துணி சுற்றிய பானையை டிக்கியில் வைத்துக்கொண்டு போகிற வேலை இது இல்லை. நல்லெண்ணத்தோடு உணவு தருபவர்களுக்கு 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருவது உண்மைதான். அதை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது. சுகாதார விதியால் சில்லி ராணிகள் போன ஊர் இது. அனுமதி பெற்ற சமையலறையைத் தேவாலயம் ஒன்று வாடகை இல்லாமல் நமக்குத் தந்திருக்கிறது. அவர்கள் பெயருக்கும் பங்கம் வரக்கூடாது.

இனிக் கணக்கு. ஒரு தடவைச் சமையலுக்குக் கறி 420 டாலர், மிளகாய் 30, வெங்காயம் முதல் மாசா வரை 50, தனியாக வைக்கும் சைவப் பானைக்கு 25, உப்பு பிஸ்கட், சோளச் சிப்ஸ், கிண்ணம், கரண்டி எல்லாம் சேர்த்து 75. ஆக 600 டாலர். இதில் 160 கிண்ணம் மாட்டிறைச்சிச் சில்லியும் 40 கிண்ணம் சைவ பீன்ஸ் சில்லியும் வரும். கிண்ணத்துக்கு மூன்று டாலர். இந்தப் பருவத்தில் எட்டுத் தடவை சமைக்கத் திட்டம், அதற்கு 4,800. பாத்திரச் செலவு தனி: கனமான அடியுள்ள 40 குவார்ட் பானை இரண்டு, இரும்புச் சட்டி இரண்டு, மூடியோடு எஃகுத் தட்டுகள், வெப்பம் தாங்கும் பெட்டி மூன்று, ஐஸ் துடுப்பு, வெப்பமானிகள், எல்லாம் 1,400. மொத்தம் 6,200. குழுக் குடும்பங்கள் போட்டது 1,700. மீதிதான் 4,500. பாத்திரம் ஒருமுறைச் செலவு. பொங்கல் விழாவுக்கும் கோடைக்கால முகாமுக்கும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கழுவித் திருப்பித் தந்தால் போதும்.

சோளச் சிப்ஸ் எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஃப்ரிட்டோஸ் என்ற சோளச் சிப்ஸ் இந்த ஊரில் 1932-இல் தொடங்கிய வியாபாரம். சின்னப் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, உள்ளேயே ஒரு கரண்டிச் சில்லியும் நறுக்கிய வெங்காயமும் போட்டுக் கொடுத்தால் கிண்ணமே வேண்டாம். தங்குமிடத்தில் அதைத்தான் முதலில் கேட்கிறார்களாம்.

மாட்டிறைச்சி விஷயத்தை மறைக்காமல் பேசிவிடுவோம். நம்மில் பலர் அதைத் தொடுவதில்லை. குழுவிலேயே இரண்டு குடும்பங்கள் அப்படி; அவர்கள் பொறுப்பில்தான் சைவப் பானை. அதற்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, மாட்டுக் கொழுப்போ எலும்புச் சாறோ படாது. முதல் நாளே ஊறவைத்த பின்ட்டோ பீன்ஸ், அதே மிளகாய் விழுது. தங்குமிடத்திலும் இறைச்சி உண்ணாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் இது நம் சமாதானத்துக்காக மட்டும் வைத்த பானை இல்லை. உங்கள் பணம் இறைச்சிக்குப் போக வேண்டாம் என்று நினைத்தால் "பாத்திரம்" அல்லது "சைவப் பானை" என்று குறித்து அனுப்புங்கள். அந்தக் கணக்கு தனியாகவே இருக்கும். கொடுக்க மனமில்லை என்றாலும் வருத்தமில்லை. வழியில் பார்த்தால் ஒருவரை ஒருவர் தவிர்க்க வேண்டியதும் இல்லை.

பணம் தேவாலயத்தின் அறப்பணிக் கணக்குக்குப் போகும், எங்கள் யாருடைய சொந்தக் கணக்குக்கும் வராது. காசோலையாகவோ ஸெல் (Zelle) பணப் பரிமாற்றம் மூலமாகவோ அனுப்பும்போது "குளிர்காலச் சில்லி" என்று எழுத மறக்க வேண்டாம், எழுதாவிட்டால் அவர்களின் பொது நிதியில் கலந்துவிடும். வரிவிலக்குக்கான ரசீது அவர்களே தருவார்கள். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவர்கள் எழுத்துபூர்வ ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். உங்கள் நிறுவனம் ஊழியர் கொடைக்கு ஈடாகப் பணம் போடும் வழக்கம் உள்ளதா என்று ஒருமுறை பாருங்கள். நம் பிள்ளைகள் வேலை செய்யும் பல நிறுவனங்களில் உண்டு, விண்ணப்பிக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஒவ்வொரு சமையல் முடிந்ததும் கடை ரசீதுகளின் படம் வாட்ஸாப் குழுவில் வரும். பருவம் முடிந்து மிச்சமிருந்தால் அடுத்த குளிருக்கு அப்படியே இருக்கும்.

பானைக்கும் பெட்டிகளுக்கும் நவம்பர் 15-க்குள் சொல்லி வைத்தால்தான் முதல் குளிருக்குக் கைக்கு வரும். அதற்குள் 1,400 டாலராவது சேர்ந்துவிட்டால் மற்றதைப் போகப் போகப் பார்த்துக்கொள்வோம். பணத்துக்குப் பதில் உழைப்பு தர விரும்புகிறவர்களுக்கு வெள்ளி மாலை நான்கு மணிக்கு வெட்டும் வேலை, சனி மதியம் ஓட்டுநர் வேலை, இரவு பாத்திரம் தேய்க்கும் வேலை மூன்றும் காலியாக இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்குத்தான் இன்னும் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. நல்ல நிலையில் உள்ள பெரிய ஜார் மிக்ஸி வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இரவல் தந்தால் மிளகாய் அரைக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

அன்புடன்,
குளிர்காலச் சமையல் குழுவினர்
சான் அன்டோனியோ, டெக்சஸ்